பெயின்ற் பிள்ளையார்

யூன் 3, செவ்வாய்

காலையில் மண்ணிறமாக வெளிக்கிட்ட எங்கள் நாய் சிங்கன் மத்தியானம் நீலமாகத் திரும்பி வந்தது. வாலில் மட்டும் பச்சை.

"எடியேய், நீதானே பூசினனீ?" அம்மா அகப்பையோடு துரத்தினா.

நான் செய்யாத குற்றம்! ஒருவரும் நம்பவில்லை. பதினாறு வயதுக்குள் நான் சம்பாதித்த பெயர் அப்படி.

யூன் 4

சிங்கனுக்குப் பின்னால் போனேன். வீட்டுக்குப் பின்புறம், காட்டுக்கரையில் நிற்கும் பாலை மரத்தடியில் நீலமும் பச்சையுமாக ஒரு குட்டை. பக்கத்தில் உடைந்த பீப்பாக்கள். நெடுங்கேணி றோட்டில் புதிதாக வந்த பெயின்ற் கொம்பனியின் கழிவு. பின்னேரங்களில் ஒரு உழவு இயந்திரம் கொண்டுவந்து கவிழ்க்கிறதாம்.

யூன் 6

தேத்தண்ணியில் மண்ணெண்ணெய் மணம். அம்மா கேத்தலைத் திரும்பத் திரும்பக் கழுவினா. பிறகு வாளியை இறக்கி, கிணற்றுத் தண்ணீரை அள்ளி மணந்து பார்த்தா. அம்மா ஏசினால் எனக்குப் பயமில்லை. மெல்லப் பேசினால்தான்...

"சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்து முதல் இறைச்சது இதைத்தான். இதுவும் போனா நாங்கள் எங்கையடி போறது?"

யூன் 10

பிரதேச சபை: "விசாரிப்பம் அம்மா."

கொம்பனிக் காவலாளி: "அது எங்கட இல்லை."

சரி. கழிவு தானாகவே பஸ் பிடித்து வந்திருக்கும்.

யூன் 12

மூளை வேலை செய்தது! எங்கள் பக்கத்துக் காட்டு வழியில், மரத்தடியில் பிள்ளையார் கல்லைக் கண்டால் எந்தச் சாரதியும் இறங்கி, ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டுக் கும்பிடாமல் போகமாட்டார். பிள்ளையாருக்கு முன்னால் ஊத்தையைக் கொட்ட எவருக்குத் துணிவு வரும்?

சிநேகிதி ராஜினியும் நானும் வாய்க்கால் கல் ஒன்றை உருட்டி வந்து பாலையடியில் வைத்து, திருநீறு பூசினோம். பழைய பிள்ளையார் என்று நம்ப வேண்டுமே என்று அவள் காய்ந்த கொப்புகளையும் தொங்கவிட்டாள். என்னைவிடக் கள்ளி.

யூன் 13

பற்றைக்குள் ஒளிந்திருந்தோம். பொழுதுபட்டு மைம்மல் நேரம் உழவு இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவர் சந்தியடி யோகநாதன் அண்ணை. கல்லைக் கண்டதும் பதறி இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கொப்பு முறித்துத் தொங்கவிட்டார்.

"அப்பனே, தெரியாமச் செய்துபோட்டன், பொறுத்துக்கொள்ளு."

ராஜினி என்னைக் கிள்ளினாள். வெற்றி!

பிறகு அவர் ஏறி, பிள்ளையாருக்கு மரியாதையாக நன்றாகத் தள்ளிப் போய் — எங்கள் வேலியோரம் கொட்டினார். கிணற்றுக்கு இன்னும் கிட்ட.

ஐயோ. நான் என்ன செய்துபோட்டன்?

யூன் 16

பக்கத்து வீட்டு வடிவம்மா மாமி கல்லைக் கண்டுபிடித்துவிட்டா. "தானா வெளிப்பட்டவரடி!" எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் இல்லை. மாமிக்கு எப்போதும் நாலு கட்டைச் சிக்னல்.

யூன் 20, வெள்ளி

பாலையடியில் ஊரே கூடிப் பொங்கல். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கும்பிட்டார்கள். "பிள்ளையாரை இந்த நாத்தத்துக்குள்ள இருத்தினது ஆர்?" என்று மாமி கேட்டா. என்னை அல்ல. நல்லகாலம்.

பானை பொங்க, உழவு இயந்திரமும் வந்தது. யோகநாதன் அண்ணை பக்தியோடு கொப்பை முறித்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே முழு ஊர்.

"பின்னால பெட்டியில என்ன தம்பி?" மாமி.

"சா... சாமான்."

"படைக்கவோ?"

நான் சிரிப்பை அடக்குவதற்குள் அம்மா உழவு இயந்திரத்தில் ஏறி, அதை ஸ்ராட் பண்ணும் திறப்பை உருவிவிட்டா. "உன்ர முதலாளி வந்து வாங்கட்டும்." பெண்கள் எல்லாரும் சில்லுக்கு முன்னால் குந்திவிட்டார்கள். பொலிஸ் வந்தது. பிரதேச சபை 'விசாரிப்பம்' ஐயாவும் வந்தார். முதலாளி கடைசியாக வந்தார். அவருக்கும் பொங்கல் கொடுத்தோம். திறப்பை மட்டும் கொடுக்கவில்லை.

யூன் 28

கொம்பனி மண் அள்ளும் பெக்கோ மெசின் கொண்டுவந்து மண்ணோடு அள்ளிப் போனது. கிணற்றை இறைத்துத் தண்ணீரைச் சோதித்தார்கள். இப்போதைக்குக் குடிக்கக் கூடாதாம். அம்மா கிணற்றுக்கட்டில் இருந்து அழுதா. நானும் பக்கத்தில் இருந்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

யூலை 19

கொம்பனிச் செலவில் பவுசர்த் தாங்கியில் தண்ணீர் வருகிறது. இழுத்து வருவது அதே உழவு இயந்திரம், அதே யோகநாதன் அண்ணை. வரிசையில் அம்மாதான் முதல் ஆள். ஒரு கோப்பை நிறைத்து அவரிடம் நீட்டுவா.

"தம்பி, நீர் முதல்ல குடிச்சுக் காட்டும்."

அவர் விழுங்கி முடியும்வரை ஊரே அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகுதான் குடங்கள் நகரும்.

இன்றைக்கு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, நாளைக்கும் குடிக்கவேணுமோ?"

"ஓம். எங்கட கிணத்துத் தண்ணியை நாங்கள் குடிக்கிற நாள் வரைக்கும்."