யாரும் தொடாத இரைப்பை

நைரோபி, ஞாயிறு

நெகேசாவோட அப்பாவுக்கு,

உங்க முதுகுவலி தேவலையா? நெகேசா அழாம பள்ளிக்கூடம் போறாளா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

கரண்ட் இல்லாம பாலைக் குளிரவைக்கிற என் பெட்டி தயாராயிடுச்சு. ஆய்வேடும் எழுதி முடிச்சாச்சு. ஆனா அதைக் கொடுத்துட்டு ஊருக்கு வர விடமாட்டேங்கறாங்க. கொடுத்தா பெட்டியோட ரகசியம் வெளியே போயிடுமாம். தடுக்கறது யாருன்னுதான் தெரியல.

வெள்ளிக்கிழமை ஒரு வேடிக்கை. என் பேராசிரியர் லுஸ்வெட்டி, பெட்டியைத் தயாரிக்கப்போற கம்பெனியோட மேனேஜர், அதுக்குப் பணம் போட்ட முதலாளி மூணு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். மூணு பேரும் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரங்க. நம்ம வழக்கப்படி கோழி இரைப்பை வீட்டுத் தலைவருக்குத்தானே? யார் எடுக்கறாரோ அவர்கிட்டயே ஒப்புதல் கேட்டுடலாம்னு நடுவுல வச்சேன்.

"நான் வெறும் வாத்தியார்மா, மேனேஜருக்கு வை"ன்னார் பேராசிரியர்.

"ஐயோ, நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன். பணம் போட்டவர் இருக்காரே!"ன்னு மேனேஜர் தட்டைத் தள்ளினார்.

"பல்கலைக்கழகம் இவரோட வீடு, நான் விருந்தாளி"ன்னு முதலாளி அதைப் பேராசிரியர்கிட்டயே தள்ளிட்டார்.

மிச்சக் கோழியை எலும்புகூட விடாம தின்னுட்டுப் போனாங்க.

இங்க குளிர் ஜாஸ்தி. என் ஸ்வெட்டரை அனுப்புங்க. நெகேசாவோட சட்டை ஒண்ணும் சேர்த்துக் கட்டுங்க, துவைக்க வேண்டாம்.

வாட்ச்மேன் லேப் கதவைப் பூட்ட நிக்கறார், முடிச்சுக்கறேன். இரைப்பையை உங்களுக்குன்னு என் பெட்டியிலதான் வச்சேன். கெடாது. நேத்து பெட்டிக்கு சீல் வச்சுட்டாங்க. திறக்கணும்னா மூணு பேர் கையெழுத்தும் வேணுமாம்.

நசிமியு