நாகரசம்பட்டிக் குழந்தை

கிருஷ்ணகிரி
13.8.1967

அன்புள்ள அருள்ஜோசப்,

இங்கு நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவினாயா?

சரித்திர வாத்தியாராக ஓய்வுபெற்றவன் கரண்டியும் அளவுக்கயிறுமாய்ப் பாறைச்சரிவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாகரசம்பட்டியில் சிரிக்கிறார்கள். அனுமதி கேட்டபோது மணியக்காரர் ராமப்பன், "தோண்டிக்குங்க சார். தங்கம் கெடச்சா எனக்கு ஒரு பல்லு கட்டிக் குடுங்க" என்றார்.

தங்கம் இல்லை. மாந்தோப்புக்கு மேற்கே, பழங்காலப் புதைகுழியைச் சுற்றிக் கல் நட்ட கல்வட்டத்தில், இரண்டேகால் அடி ஆழத்தில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு கைக்குழந்தையின் எலும்புகள். பானையின் வகையைப் பார்த்தால் இரண்டாயிரம் ஆண்டு இருக்கலாம். ஆனால் பானையைச் சுற்றி மட்டும் மண் இளகியிருந்தது. பெருச்சாளி வளை தோண்டியதால் இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை.

எலும்புகளைப் பஞ்சில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பானை என்னிடம் இருக்கிறது. குறிப்புகளும் படமும் இத்துடன். தவறிருந்தால் திருத்து.

உன்
ஜெபதுரை


சென்னை
9.9.1967

அட பயந்தாங்கொள்ளி,

தவறா? கல்லூரி நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். பரீட்சையில் சரியான விடை எழுதிவிட்டு அதன் கீழேயே "என்று நினைக்கிறேன்" என்று எழுதிய ஒரே ஆள் நீதான். உன் குறிப்பில் ஒன்பது "இருக்கலாம்" இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பெருச்சாளியையும் விரட்டியாயிற்று.

ஏப்ரலில் நடக்கும் கருத்தரங்கில் "நாகரசம்பட்டிக் குழந்தை" என்ற தலைப்பில் கட்டுரை படிக்கப்போகிறேன். பேராசிரியராக எனக்கு இது கடைசி வருஷம். நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்க ஆசை. உன் பெயரும் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும். கூச்சப்படாதே.

எலும்புகளை வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எலும்பை எரித்து, வருகிற கரியைக் கொண்டு வயது சொல்கிறார்கள். கைக்குழந்தை என்பதால் எடை போதவில்லை. முழுவதையும் அனுப்ப வேண்டியதாயிற்று. முடிவு வரச் சில மாதம் ஆகும்.

எண்ணெய் தடவினேன். பயனில்லை.

அருள்ஜோசப்


கிருஷ்ணகிரி
5.2.1968

அன்புள்ள ஜோசப்,

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் கல்வட்டத்தை மறுபடி அளக்கப் போயிருந்தேன். பக்கத்துத் தோப்புக்காரி சென்னம்மாள் வந்தாள். மகள் பிரசவத்துக்காக ஜூஜுவாடிக்குப் போய், ஏழு மாதம் கழித்து இந்த வாரம்தான் திரும்பியிருக்கிறாள். நான் தோண்டியபோது அவள் ஊரில் இல்லை. குழியருகே வந்து அசையாமல் நின்றாள்.

"இங்க ஒரு பானை இருந்துதே சார்?"

எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. நோட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். "ரெண்டாயிரம் வருஷத்துப் பானை, அம்மா" என்றேன்.

"பானை எத்தன வருசமோ எனக்குத் தெரியாது. எங்க வூட்டுக்காரரு கெணறு வெட்டறப்ப மண்ணுக்குள்ள கெடச்சது. புதுசு வாங்க அன்னிக்கு சந்த இல்ல. அதுலதான் எம் புள்ளைய வெச்சு இங்க பொதச்சோம். மூணு மாசப் புள்ள. முப்பது வருசம் ஆச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "புள்ள எங்க சார்?" என்றாள்.

ஜோசப், இந்த ஊர்க்காரர்கள் கைக்குழந்தையை எரிப்பதில்லை. பானையில் வைத்துப் புதைப்பார்கள் என்று இந்த மாவட்டத்திலேயே முப்பது வருஷம் வேலை பார்த்த எனக்குத் தெரியும். பானையின் வயதைப் பார்த்தவன் மண் இளகியிருந்ததைப் பார்த்தும் பாராமல் விட்டேன். அவளுடைய புருஷன் இறந்துவிட்டார். அந்த இடம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மெட்ராஸில் பத்திரமாக இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எரிக்காமல் இருந்தால் உடனே தந்தி அடித்து நிறுத்து. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெபதுரை


சென்னை
17.2.1968

அன்புள்ள ஜெபதுரை,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனசு கலங்கிவிட்டது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எரித்தாகிவிட்டது. ஜனவரியிலேயே பதிலும் வந்தது: "மாதிரி மிகப் புதியது." வழியில் ஏதோ கலந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு எழுதவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். தனிப் பார்சலில் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் துறை அலமாரியில் பதினான்காம் தட்டில் இருந்தது. தெற்கே ஓர் ஆற்றங்கரையில் எடுத்த, இரண்டாயிரம் வருஷத்துத் தாழிக் குழந்தையின் எலும்புகள். அளவு அதேதான். அந்த அம்மாளிடம் கொடு. அவளுக்கு ஆறுதல், உனக்கும் நிம்மதி. அலமாரியைத் திறந்து பார்க்க இங்கே யாரும் இல்லை.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. பானை பழையதுதானே? அதைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

அருள்ஜோசப்


கிருஷ்ணகிரி
10.3.1968

ஜோசப்,

பார்சல் வந்தது. மூன்று நாள் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன். பிறகு, நீ சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் பானையையும் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வருவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால், சென்னம்மாள் தலைக்குக் குளித்து, ஒரு செம்பில் பாலோடு கல்வட்டத்தருகே காத்திருந்தாள். பொட்டலத்தை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளில் என்னால் வைக்க முடியவில்லை. "இது உன் குழந்தை இல்லை, அம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததையும்.

"எரிச்சிட்டீங்களா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மண்ணுக்குள்ள இருந்தா திரும்பி வந்து பொறக்குமின்னுதான வெச்சோம். எரிச்சிட்டீங்களா? நீயெல்லாம் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவன்."

பிறகு பொட்டலத்தைக் காட்டி, "அப்ப இது யாரு புள்ள?" என்று கேட்டாள்.

"தெரியாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது."

"கேக்க ஆளில்லன்னு பொட்டலங் கட்டி அனுப்பிட்டானுங்களா?"

என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். பஞ்சைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பானைக்குள் வைத்தாள். பாலை ஊற்றினாள். அதே குழியில் இறக்கினாள். மண் தள்ளுவதற்கு நானும் குனிந்தேன். "நீ தொடாத. தள்ளி நில்லு" என்றாள். தள்ளி நின்றேன். தன் கையாலேயே மூடினாள். கிளம்பும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினான்காம் தட்டுக்கு இனி எதுவும் வராது. யாராவது கேட்டால் என் பெயரையும் முகவரியையும் கொடு. கருத்தரங்குச் செயலாளருக்கு நடந்ததை எழுதி, இதே தபாலில் அனுப்புகிறேன். உன் கடைசி வருஷம் என்று தெரிந்தே செய்கிறேன். உன் பெயருக்குப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

மண்ணை மூடும்போது சென்னம்மாள் முகம் தூக்காமலேயே ஒன்று கேட்டாள்: "ஆணா, பொண்ணா? என்னான்னு சொல்லிக் கூப்புடறது?" உங்கள் பதிவேட்டில் இருந்தால் ஒரு கார்டில் எழுது. இல்லையென்றால் தெரியாது என்றே எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெபதுரை