மூன்றாம் மாதமும் தவிட்டு ரொட்டியும்

மார்கழி 6, செவ்வாய்

விடிந்தும் முருகன் மலை தெரியவில்லை. அவ்வளவு பனி. விறகெல்லாம் ஈரம்.

பிள்ளைக்கு இன்று மூன்றாம் மாதம் பிறக்கிறது. மூத்தவன் மூன்றாம் மாதத்தில் போனான். அடுத்தவளும் அப்படியே. இவனாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நாத்தனார் மூக்குக் குத்தி, குப்பையில் புரட்டி எடுத்து, குப்பன் என்று பேர் வைத்திருக்கிறாள். எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. கண்ணு என்கிறேன்.

சாயந்திரம் ரூத்தம்மா வந்தாள். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவில் எங்கள் தெருவிலுள்ள தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு குழந்தைகளும் எப்படிப் போயின என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தன; திடீரென்று பால் கக்கின; மூச்சு வாங்கியது; அழுதால் சத்தம் வரவில்லை. சொன்னேன். என் காலை அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்தது.

"மரத்துப் போவுதா?"

"ஆங், அக்கா."

"தோஷமும் இல்ல, கண்ணேறும் இல்ல கனகா. நீ துன்றது மில்லு அரிசி. தீட்டித் தீட்டி சத்தெல்லாம் தவிட்டோட போயிடுது. உன் ஒடம்புல இல்லாதது பால்ல எங்கருந்து வரும்?"

அப்படியானால் என் பாலா?

மார்கழி 7, புதன்

இனி தின்ன வேண்டியவை, ரூத்தம்மா சொன்னபடி: தவிடு சேர்த்த கோதுமை ரொட்டி. முருங்கைக்கீரை. வேர்க்கடலை. முளைகட்டின பயறு. கேழ்வரகுக் கூழ். வெள்ளைச் சோறு கூடாது.

வீட்டில் கிடைப்பவை: வெள்ளைச் சோறு, மிளகு ரசம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாம். நாத்தனார் இன்றுவரை வேறொன்றும் கண்ணில் காட்டவில்லை.

வீட்டுக்காரரிடம் தவிடு கேட்டேன். அரிசி மில்லில் அவர் இஞ்சின் டிரைவர்.

"நம்மகிட்ட மாடு ஏது?"

"எனக்குத்தாங்க."

சிரித்தார். காரணம் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எங்க மில்லு அரிசி மல்லிப்பூ மாதிரி இருக்குதுன்னு பள்ளிப்பட்டுலருந்து வண்டி கட்டிகினு வராங்க. அதைத் துன்னுதான் எம் புள்ளைங்க போச்சின்றியா?"

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். தட்டில் அந்தச் சோறு. வெள்ளையாக.

மார்கழி 9, வெள்ளி

தவிடு வந்தது. பையை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ரொட்டி சுட்ட விதம்: மாவு, தவிடு, உப்பு. பொங்கிவரக் கொஞ்சம் கள் (ரூத்தம்மாவின் தங்கை வாங்கித் தந்தது). அகலச் சட்டியில் மணல் பரப்பி, உள்ளே மாவுக் கிண்ணம், மேலே மூடி, மூடிமேலும் நெருப்பு. முதல் ரொட்டி அம்மிக்கல். ரசத்தில் ஊறப்போட்டுத் தின்றேன்.

நாத்தனார் கள் முட்டியைப் பார்த்துவிட்டாள்.

"கிருத்திகை விரதம் இருக்கற ஊட்ல கள்ளா? பால் குடிக்கற புள்ளைய வெச்சிகினு இன்னாடி இது கூத்து? மாட்டுத் தீனி ஒரு பக்கம், குடிகாரன் சரக்கு ஒரு பக்கம். எங்க நைனா இருந்தா உன்னை வாசப்படி ஏத்துவாரா?"

தெருவில் கொண்டுபோய்க் கொட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். இரண்டு குழந்தைகளையும் கடைசி மூச்சுவரை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். அதனால் திருப்பிப் பேச முடியவில்லை. ஆனால் ரொட்டியை விடமாட்டேன்.

மார்கழி 10, சனி

கடுங்குளிர். பிள்ளைக்குக் குல்லா பின்னுகிறேன். யுத்தத்துக்குப் போன சிப்பாய்களுக்குக் காலுறை பின்ன ரூத்தம்மாவுக்குக் கொடுத்த கம்பளி நூலில் மிச்சம். காக்கி நிறம். ஊசிக்குப் பதில் சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டு, முனை தேய்த்தது. பாதிக் கண்ணி நழுவுகிறது. முடித்தால் போய்விடுவானோ? பைத்தியக்கார நினைப்பு. இருந்தும் உச்சியை மூடாமல் வைத்திருக்கிறேன்.

நேற்றைய மாவில் கொஞ்சம் எடுத்து வைத்தது புளித்திருந்தது. அதைச் சேர்த்தேன். ரொட்டி உப்பியது! வாசனை தெருவரைக்கும். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீரை தின்றேன். கடலை தின்றேன். வயிறு கொள்ளாமல் இன்னொரு துண்டு ரொட்டி. பாலில் இறங்கு, சீக்கிரம் இறங்கு என்று சொல்லிச் சொல்லி மென்றேன்.

மார்கழி 11, ஞாயிறு

காலையில் பால் கக்கினான். "செரிக்கல" என்று நாத்தனார் வசம்பு உரைத்துத் தந்தாள். மத்தியானம் மறுபடியும். ரூத்தம்மா லீவு முடிந்து போய்விட்டாள். ரொட்டி சுடவில்லை.

மார்கழி 12, திங்கள்

அழுகிறான். வாய் திறந்திருக்கிறது. முகம் சிவந்து உதடு நீலமாகிறது. கண்ணீர் வழிகிறது. சத்தம் இல்லை.

முருகா, சத்தம் இல்லை.

மார்கழி 13, செவ்வாய். அரக்கோணம் ஆஸ்பத்திரி

நேற்று நடந்தது.

"மலைக்குத் தூக்கினு போலாம். சாமி காலடியில போட்டுடலாம்" என்றாள் நாத்தனார்.

"பொழைச்சா நானே போடறேன் அக்கா. இப்ப அரக்கோணம்" என்றேன். அவளை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு.

ஸ்டேஷனில் ரயில் இல்லை. "பட்டாளத்து வண்டி போனாத்தான் பாசஞ்சர். எப்போன்னு எனக்கே தெரியாதும்மா" என்றான் போர்ட்டர். பிள்ளையின் மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. அவர் ஓடினார். மில்லின் கரி லாரியோடு வந்தார் (யுத்தத்தில் பெட்ரோல் ஏது, கரிப் புகையில் ஓடுவது), அரிசி ஏற்றியபடியே. "மொதலாளிக்கு அப்பறம் பதில் சொல்லிக்கறேன், ஏறு." மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். நாத்தனாரும் கூப்பிடாமலே ஏறிவிட்டாள். வழியில் மேட்டில் லாரி நின்றது. அவர் குதித்து, கரியைக் கிளறி, விசிறி, கை பொசுங்க மறுபடி கிளப்பினார். நான் பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்குகிறதா, ஏறி இறங்குகிறதா.

டாக்டரம்மா பார்த்ததுமே மருந்தை ஏற்றினார், தவிட்டில் இருக்கிற அதே சத்தாம். அவன் தொடையில் ஊசி. என் கையிலும் ஒன்று. "பொழுதோட தெரியும்மா" என்றார்.

வராந்தாவில் அவர். கையெல்லாம் கரி. "மூணு வேளையும் அந்த அரிசிய நான்தானே கொண்டாந்து போட்டேன்" என்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய மூச்சு நிதானப்பட்டது. பால் குடித்தான். கக்கவில்லை.

மார்கழி 14, புதன்

பால் தங்குகிறது. உதடு சிவப்பு. அழுகிறான், சத்தம் மட்டும் இல்லை. "உயிருக்குப் பயமில்ல. குரல் மெதுவா வரும்" என்கிறார் டாக்டரம்மா. வராமலே போய்விட்டால்? ரூத்தம்மா ஆஸ்பத்திரி ரொட்டி கொண்டுவந்து தந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

மார்கழி 17, சனி

மழைத் தூறல். காலையில் ஊசி போட வந்தார்கள். குத்தியதும் வாய் திறந்தான். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கீச்சென்று ஒன்று. பூனைக்குட்டி மாதிரி. நாத்தனார் என்னைப் பார்த்தாள். அப்புறம் வீல் என்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி.

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். "யார் ஊட்டுப் புள்ளம்மா இது? மனுசங்க படுக்க வாணாமா?"

நான் வாயெடுப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றாள்.

"எங்க ஊட்டுப் புள்ள. கத்தட்டும்."