நோவு இல்லடி

அடியே,

இன்று காலை குமுட்டி அடுப்பில் வைத்த பால் திரிந்துவிட்டது. "சர்க்கரை போட்டுக் கிளறிடலாம் அத்தே, வீணாக்க வேண்டாம்" என்றாள் மருமகள். எனக்கு வந்த கோபத்தில், "கொண்டுபோய்க் கொட்டு அதை!" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? வாசலில் வந்து உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். செத்தவளைத் திட்டக் கூடாதாம். யார் சொன்னது?

அந்தக் கன்னட நாட்டு ஆஸ்பத்திரி வார்டில் நாம் இரண்டு தமிழ் நர்சுகளும் பேசிய அந்தச் சமையல் பாஷை நீ கட்டியதுதானே. காய்ந்து கருத்துப்போன விரலுக்கு வற்றல் என்று பேர். சீழ் ஏறி ஊறி நாறும் காலுக்கு அழுகல் பழம். மண் புகுந்த காயம் உப்பி, அழுத்தினால் உள்ளே நொறுநொறுத்தால் பொரி. பொரி என்றால் மட்டும் நாம் சிரிக்கமாட்டோம். மறுநாளே கட்டில் காலியாகிவிடும். காசநோய்க் கழலையைக் கீறினால் வருவது திரிந்த பால். நோயாளிகள் நமக்கு எந்நேரமும் தீனி நினைப்பு என்று எண்ணிக்கொண்டார்கள்.

கொள்ளேகாலத்துத் தமிழ் விவசாயி ஒருவர் வந்தாரே, வண்டிச் சக்கரம் ஏறிய காலோடு? இரண்டு விரல் வற்றல், பாதம் வீக்கம். கன்னடத்து டாக்டர் பாதத்தை அழுத்தி, "நோவு இதியா?" என்றார். அவர் கேட்டது வலிக்கிறதா என்று. இவர் நம் பக்கத்துத் தமிழில் எடுத்துக்கொண்டார், நோய் இருக்கிறதா என்று. இருக்கிறதென்றால் காலை எடுத்துவிடுவார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு, "நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி" என்றார். வலி இல்லையென்றால் சதை செத்துவிட்டது, காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் அறுவைக்குக் கை கழுவப் போனார்.

நீ அந்த முகத்து வியர்வையைப் பார்த்தாய். "ஏனுங்க, வலிக்குதுங்களா?" என்று அதே இடத்தை அழுத்தினாய். "ஐயோ சாமி!" வார்டே திரும்பிப் பார்த்தது. "கத்துங்க, நல்லாக் கத்துங்க! உசிரு இருக்கு" என்று சிரித்தாய். டாக்டரும் சிரித்துவிட்டார். இரண்டு விரலோடு போயிற்று, கால் தப்பியது. அன்றிலிருந்து உன் வாயில் அதுதான்: "நோவு இல்லைன்னா அதுதாண்டி பெரிய நோவு."

அப்படிச் சொன்னவள்தான் நீ. அடுத்த தசரா ஊர்வலத்துக்குக் கிளம்பும்போது பூ வைக்க உன் பின்னலைத் தூக்கினேன். காதுக்குக் கீழே வரிசையாகக் கட்டிகள். கண்டமாலை, கழுத்தில் வரும் அதே காசநோய்க் கழலை. பூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"வலிக்குதாடி?"

"நோவு இல்லடி."

"எந்த நோவு? தமிழ் நோவா, கன்னட நோவா?"

நீ பூவைப் பிடுங்கி நீயே வைத்துக்கொண்டாய்.

தெரிந்தால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாய். தெரியத்தான் செய்தது. கழலை உடைந்த அன்று கட்டு மாற்றியது நான்தான். "என்ன வந்துச்சு, சொல்லு" என்றாய். நான் பஞ்சைச் சுருட்டி மறைத்தேன். "திரிஞ்ச பாலுதானே? சர்க்கரை போட்டுத் தின்னு" என்றாய். அதற்குச் சிரிக்கிறவள் மனுஷியா? நான் சிரித்தேனடி. சிரித்துக்கொண்டே அழுதேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது நெஞ்சுக்கு இறங்கி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது சீமையில் இதற்கு ஏதோ ஊசி மருந்து வந்திருக்கிறதாம், பேப்பரில் படித்துச் சொன்னார்கள். யாராவது பிழைக்கட்டும், நல்லதுதான். எனக்குச் சந்தோஷப்படத்தான் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் பாலில்லாத காபியோடு வந்தாள். கன்னடமே அதிகம் பேசி வளர்ந்த பெண். என் முகத்தைப் பார்த்து, "நோவா அத்தே?" என்றாள். எந்த நோவைக் கேட்டாளோ!

"ஆமாம்மா, வலிக்குது" என்றேன்.

வலிக்கட்டும். எத்தனை தசரா போயும் உன் நினைப்பைத் தொட்டால் கத்தத் தோன்றுகிறதடி. அந்த இடம் இன்னும் சாகவில்லை.