சட்டையின் உள்பக்கம்

என் கூடப் பிறக்காத தங்கச்சி றெஜினாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாவற்குடாவில் நம் தையல்கடை நீ விட்டபடியேதான் இருக்கிறது. உன் மெஷினை யாருக்கும் கொடுக்கவில்லை. உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன், பூனை அதன்மேல் படுத்துத் தூங்குகிறது. நீ இருந்தால் அதைத் துரத்தியிருப்பாய், பிறகு கூப்பிட்டு மீன் தலையும் போட்டிருப்பாய்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தைத்து முடித்த சட்டை எதுவானாலும் நீ உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தானே கொடுப்பாய்? வாங்க வந்தவர்கள் முதலில் பார்ப்பது தையலையும் ஒட்டுப் போட்ட துண்டையும்தான். "இதில ஒரு இடம் பிழைச்சுப் போச்சு, பிரிச்சுத் தைச்சிருக்கன், பாருங்க" என்று நீயாகவே விரலை வைத்துக் காட்டுவாய். எனக்கு எரிச்சலாக வரும். "ஏன் புள்ள, ஆரும் கேட்டவங்களா?" என்பேன். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்க அக்கா" என்பாய். எத்தனை தரம் கேட்டாலும் அதே தேத்தண்ணி.

நான் முருகன் கோயிலுக்குப் போகிறவள், நீ மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாதவள். உங்கள் வேதத்தில் இப்படி ஏதும் சட்டம் இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். உன் நினைவுப் பூசைக்கு வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நீதியாய் வாழ்வதைப் பற்றி பாதர் நன்றாகத்தான் பிரசங்கம் வைத்தார். சட்டையின் உள்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் மனுசனிடம் கேட்டேன். "வீட்டிலயும் அப்படித்தான் அக்கா. கறியில உப்புக் கூடினா, நாங்க வாயில வைக்க முதலே சொல்லிப்போடுவா" என்று சிரித்தார். பிறகு அழுதார்.

நீ போனபிறகு நான் சட்டைகளை நல்ல பக்கமாகவே மடித்துக் கொடுத்தேன். போன கிழமைதான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

வெல்லாவெளிச் செல்வராணியைத் தெரியும்தானே, பஸ் ஏறி நம்மிடமே வருகிறவள். செத்துப்போன தாய் தாலி கட்டும்போது உடுத்த கூறைச் சீலையைக் கொண்டுவந்தாள். மகளின் கலியாணத்தன்று தான் போட அதில் ஒரு சட்டை வேண்டுமாம். "அம்மா பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். சீலை இற்றுப்போய்க் கிடந்தது, ஒரு சட்டைக்குத்தான் துணி தேறியது. அதில் இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டேன், றெஜினா! துணியை மடிக்காமல் ஒவ்வொரு கையாக வெட்டினேன், இரண்டாவதுக்கு அளவைத் திருப்பி வைக்க மறந்துபோனேன். சரிகை துணியின் நல்ல பக்கத்தில்தான் தெரியும், புரட்டிப் போடவும் வழியில்லை.

மிஞ்சிய துண்டைக் கக்கத்தடியில் ஒட்டுப் போட்டுச் சரிக்கட்டினேன். கையைத் தூக்கினாலும் தெரியாது. நல்ல பக்கமாக மடித்துப் பையிலும் போட்டுவிட்டேன்.

செல்வராணி வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் பைக்குக் கை நீட்டினாள். எனக்கு என்ன வந்ததோ, சட்டையை வெளியே எடுத்தேன், உள்பக்கம் திருப்பினேன், ஒட்டின்மேல் விரலை வைத்தேன்.

"பிழையா வெட்டிப்போட்டன் தங்கச்சி. உங்கட அம்மாட சீலைய..."

அவள் முகம் கறுத்தது. ஒட்டைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏனக்கா சொன்னீங்க?"

உன்னிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்த அதே கேள்வி. பயமா? தெய்வ நினைப்பா? உன்மேல் உள்ள ஆசையா? வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்க."

குடித்தாள். சட்டையை உள்பக்கம் தெரிய அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கலியாணத்துக்கு அதைப் போடுவாளோ மாட்டாளோ தெரியாது.

நீ பதிலை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லாமல் விட்டாய் என்றே இத்தனை காலமும் கோபித்துக்கொண்டு இருந்தேன். உனக்கும் தெரியாதா, புள்ள?

கார்த்திகையில் மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு, உன் கல்லறைக்கு வருவேன், அங்கேயும் கேட்பேன். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நம் கடையிலிருந்து இனி ஒரு சட்டையும் உள்பக்கம் காட்டாமல் படி இறங்காது.

தேத்தண்ணியை ஆறவிட்டு உன்னைக் கேள்வி கேட்ட
உன் அக்கா,
பரமேஸ்