சமையலறைச் சுவரில் வயிற்றின் படம்

7 ஜூலை, திங்கள்
படத்திலுள்ள அம்புக்குறிகளுக்குப் பெயர் எழுதும் சோதனை. இருபதுக்கு இருபது! நாற்பத்தொரு வயதில் தாதி உதவியாளர் படிப்பா என்று சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும். வயிற்றின் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதைப் பார்த்தால் மாமிக்குச் சோறு இறங்கவில்லையாம்.

9 ஜூலை, புதன்
என் வீட்டுக்காரருக்கு நேற்றிலிருந்து வயிற்றுவலி. தொப்புளில் தொடங்கி, இப்போது வலது பக்கம் கீழே. வேலை பார்க்கும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு லீவு சொல்லிவிட்டார். கிளினிக் போகலாமா என்று கேட்டார். படத்தைக் காட்டினேன்.
"அப்பெண்டிக்ஸ் இடது பக்கம் இருக்கு பாருங்க. உங்களுக்கு வலிக்கிறது வலது. வெறும் காத்துதான் லா."
தைலம் தேய்த்துவிட்டேன். படித்தவள் சொல்கிறாள் என்று பேசாமல் படுத்துக்கொண்டார்.

11 ஜூலை, வெள்ளி
அப்பெண்டிக்ஸ்தான். வெடித்து, வயிறு முழுக்கச் சீழ். ஆபரேஷன் முடிந்தது, இன்னும் கண் திறக்கவில்லை.
நேற்றிரவு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது, அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "நாந்தான் வேணாம்னேன்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. பிடிவாதக்காரன் என்று மாமி அழுதுகொண்டே மகனைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே நின்றேன். ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

12 ஜூலை
கண் திறந்தார்.

14 ஜூலை, திங்கள்
பாடம் எடுக்கும் மிஸ் அதிராவிடம் யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். "படத்துல இருக்கறவங்க நம்மளப் பாத்து நிக்கிறாங்க, நூர்ஜான். அவங்க வலது கை நம்ம இடது பக்கம். முதல் கிளாஸ்லயே சொன்னேனே."
அந்த முதல் வகுப்புக்கு நான் போகவில்லை. தங்கை வீட்டில் கெண்டூரி விருந்து. வெறும் அறிமுகம்தானே என்று இருந்துவிட்டேன். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

19 ஜூலை, சனி
வார்டில் மாமி மறுபடி அவரைத் திட்ட ஆரம்பித்தார். தாங்க முடியவில்லை.
"மாமி, அவரு கிளினிக் போகணும்னுதான் சொன்னாரு. நாந்தான் காத்துன்னு சொல்லித் தடுத்தேன்."
மாமி என்னையே பார்த்தார். பிறகு வீடு திரும்பும் பஸ்ஸில், என் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

26 ஜூலை, சனி
அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். படத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "இருக்கட்டும், நீ பாஸ் ஆவணும்ல" என்றார். மாமி இன்னும் என்னோடு பேசவில்லை.

2 ஆகஸ்ட், சனி
காலையில் மாமி சமையலறை வாசலில் வந்து நின்றார், நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு.
"இங்க எரியுதும்மா. கிளினிக் போவணுமான்னு நீ பாத்துச் சொல்லு."
நான் படத்தின் பக்கம் திரும்பவில்லை. போவோம் மாமி என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு, துடோங்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.