கன்றிய இடங்கள்

குட்டிம்மா,

உன் கையெல்லாம் கன்றியிருந்ததைப் பார்த்து உன் அண்ணன், "யாரு அடிச்சா?" என்று கேட்டார். "தானா வருதுண்ணா" என்றாய். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றே உன்னைத் தன் ஊருக்கு அழைத்துப்போய்விட்டார்.

அங்கும் புதிதாகக் கன்றியிருக்கும், நீ மறைத்திருப்பாய். இல்லாவிட்டால் ஊர் தாண்டி நீளும் என் கையை அவர் வியந்திருப்பார்.

மருத்துவரிடம் போய், உனக்குப் பல் துலக்கினால் ரத்தம், ஊசி குத்திய விரலில் நிற்காத ரத்தம் என்றேன். ரத்தம் உறையாத நோயாக இருக்கலாம், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றார். அண்ணனிடம் சொன்னேன். "நல்லா கதை விடுறீங்க மாப்ளே" என்று போனை வைத்துவிட்டார்.

அதனால், நான் அடித்தேன் என்றே சொல்லிவிடு. வழக்குக்கு மருத்துவச் சான்று வேண்டும்; அதற்காவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அங்கே ரத்தத்தையும் சோதிக்கச் சொல்.

போலீஸ் வரட்டும். சோதனை முடிவு என்னவென்று அவர்களிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

உன் வீட்டுக்காரன்